செவ்வாய்க்கிழமை பூட்டியிருந்த கோயில்

என் மனைவிக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்த மாதங்களில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். அவளுடைய அப்பா தன் கையால் செய்து ஒரு கோயிலில் காணிக்கையாக வைத்த மரப்படகை, கண் முழுதாகப் போவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அது எந்தக் கோயில் என்று அவளுக்குத் தெரியாது. நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றேன். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பழைய கோயில்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு ராயபுரத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

கோயில் என்று நான் எழுதுவது தேவாலயத்தை. கத்தோலிக்கர்களான நாங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போகிற நோய் அவளுக்கு. ஓரத்துப் பார்வை முதலில் போகும். நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். "குழா வழியா பாக்குற மாதிரி கீதுங்க," என்பாள். என் முகம் தெரியும். நான் நீட்டுகிற காபி டம்ளர் தெரியாது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். இடித்த பிறகு நிலையைத் திட்டுவாள். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் லாஞ்சில் வேலை பார்த்தவர். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வரும் சிறிய இயந்திரப் படகு அது. இவள் சிறு குழந்தையாக இருந்தபோது ஒரு புயலில் லாஞ்சு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வீட்டில் ஒப்பாரி வைத்து ஓய்ந்த பிறகு, எண்ணூர்ப் பக்கம் கரையேறிய மனிதர் நடந்தே ராயபுரம் வந்து சேர்ந்தார். உடைந்த லாஞ்சின் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து முழ நீளத்தில் ஒரு படகு செதுக்கினார். அவர் தச்சர் இல்லை. படகின் மூக்கு ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. நிஜப் படகுக்குச் செய்வதுபோலவே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி வெடிப்புகளில் பூசினார். அது இறுகுவதற்குள் இவள் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டாள். முதுகில் ஓர் அடி விழுந்தது. படகின் அடியில் விரல் பள்ளம் நின்றுவிட்டது. அதன்மேல் நீலமும் வெள்ளையும் அடித்து, இவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு போய், ஒரு கோயிலில் உயரத்தில் வைத்தார்.

மெழுகுவத்தி வாடை, ஓர் ஏணி, வேர்த்துப்போன அப்பாவின் கழுத்து. இவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம். சீக்கிரமே அவர்கள் வண்ணாரப்பேட்டைக்குக் குடிபோனார்கள். அதன் பிறகு அவள் அந்தப் படகைப் பார்க்கவே இல்லை. ஆனால் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்: "நம்ம படகு மாதா கோயில்ல கீது. அது இருக்கிற வரிக்கும் இந்த வூட்ல யாருக்கும் தண்ணில கண்டம் இல்ல."

மாதா கோயில். நான் இடறியது இந்தச் சொல்லில்தான்.

நான் திருச்சிப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் மாதா கோயில் என்றால் மாதாவின் பெயரில் கட்டிய கோயில் மட்டும்தான். அந்தோணியாருக்குக் கட்டியது அந்தோணியார் கோயில். சூசையப்பருக்குக் கட்டியது சூசையப்பர் கோயில். கல்யாணமான புதிதில் இவள் எல்லாவற்றையும் மாதா கோயில் என்பாள். நான் திருத்துவேன். விருந்தாளிகள் இருக்கும்போதும் திருத்துவேன். அவளுடைய "இன்னா"வையும் "வூடு"வையும் மாற்ற நான் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. கோயில்களின் பெயரை மட்டும் நான் சொல்கிறபடி சொல்லக் கற்றுக்கொண்டாள். அதை என் வெற்றி என்று நினைத்திருந்தேன்.

ஆகவே மாதாவின் பெயரில் உள்ள கோயில்களை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டேன். ராயபுரத்தில் தொடங்கி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர். டாக்டரிடம் போகவேண்டிய செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலையில் அதை முடித்துவிட்டு அப்படியே கிளம்பினோம். நாள் முழுவதற்கும் ஓர் ஆட்டோவைப் பேசிக்கொண்டேன். காசிமேட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும்.

"எங்க சார் போவணும்?"

"மாதா கோயில்."

"எந்த மாதா கோயிலு? இங்க தடுக்கி வுழுந்தா மாதா கோயிலு. அந்தோணியார் மாதா கோயிலா, சூசையப்பர் மாதா கோயிலா?"

"அது எப்படியப்பா அந்தோணியார் மாதா ஆவார்? ஒன்று அந்தோணியார், இல்லை மாதா."

"தோ பார்றா," என்று கண்ணாடியில் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "சார் வாத்தியாராம்மா?"

"ரிட்டயர் ஆயிட்டாரு. ஆனா இன்னும் விடல," என்றாள் அவள்.

விடை அப்போதே என் காதில் விழுந்துவிட்டது. நான் அதைப் பிழை என்று திருத்திவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. திருப்பணி என்ற நல்ல சொல்லுக்கு இந்தக் காலத்தில் டைல்ஸ் என்று பொருள். தேக்கு உத்தரங்களை மறைத்துப் பொய்க்கூரை போட்டிருந்தார்கள். சுவரில் பழைய காணிக்கைகள் இருந்த மாடங்களை அடைத்து, அதன்மேல் பளபளவென்று கல் ஒட்டியிருந்தார்கள். மாதாவின் தலைக்குப் பின்னால் சிறு விளக்குகள் ஓடி ஓடி எரிந்தன. பக்கவாட்டுத் தரையில் ஒரு கல்லறைக் கல்லைப் பாதி மூடி டைல்ஸ் போய்க்கொண்டிருந்தது. மீதி எழுத்துகளைக் குனிந்து படிக்கத் தொடங்கினேன். எவனோ ஒரு மாலுமி, அவன் மனைவி, ஒரு குழந்தை. பாதி வாக்கியத்தில் டைல்ஸ் வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கே வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியிடம் நியாயம் கேட்கப் போய்விட்டேன். அவர் பீகாரிலிருந்து வந்தவர். நான் பேசிய தமிழும் அவருக்குப் புரியவில்லை, ஆங்கிலமும் புரியவில்லை.

அவ்வளவு நேரமும் என் மனைவி ஒரு சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளை நிற்கவைத்துவிட்டு வந்தது எனக்கு நினைவே இல்லை. கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளைதான் அவளிடம் வந்து என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"படகா? இங்க படகுலாம் இல்லம்மா. ஏசி கீது."

திருவொற்றியூரில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் பூட்டியிருந்தது. உண்மையாகவே பூட்டியிருந்தது. கேட்டில் காவலாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டிக்கீது சார்."

"எப்போது திறப்பீர்கள்?"

"தொறக்கும்போது."

"அது எத்தனை மணிக்கு?"

"ஃபாதர் தூங்கி எழுந்தா."

அம்மாவுக்குக் கண் சரியில்லை, கொஞ்சம் திறந்துவிடுங்கள் என்று கேட்டேன். கண் சரியில்லாதவர்கள் கோயிலில் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்பதுபோல அவர் எங்களைப் பார்த்தார். பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டோம். வெயிலில் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். ஒருவழியாகத் திறந்தபோது, உள்ளே அழகான பழைய பீடம் இருந்தது, படகு இல்லை. என் மனைவி முழங்காலில் நின்று நெடுநேரம் வேண்டினாள். நான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணூர் போகிற வழியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக, டிரைவர்கள் கீழே இறங்கிச் சோறாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் அலை, அதைத் தடுக்கக் கொட்டிய பாறை. மறு பக்கம் புகைபோக்கிகள். மூக்கில் ரசாயனம் ஏறியது. நான் கேட்டு வைத்திருந்த பழைய கோயில் அங்கே இல்லை. அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் மாதிரி ஒன்று கட்டியிருந்தார்கள். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் படகைப் பற்றிக் கேட்டேன்.

"பழைய சாமான்லாம் பழைய கோயிலோட போச்சு நைனா. எதுனா முக்கியமா?"

"முக்கியந்தான்," என்றேன்.

"போட்டோ எடுத்து வெச்சிருக்கலாமே," என்றாள் அவள்.

அங்கே நான் வெடித்தேன். அந்தப் பெண்ணிடம் இல்லை, என் மனைவியிடம். எந்தக் கோயில் என்று உன் அப்பா ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லியிருக்கக் கூடாதா, அறிவுள்ளவர்கள் இப்படியா விட்டுப்போவார்கள் என்றேன். அவள் தெரிகிற அந்தக் கொஞ்சம் பார்வையை என் முகத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது எனக்கு முழங்கால் வலி. தலைவலி. லாரிப் புழுதி தொண்டை வரை போயிருந்தது. ராயபுரத்தை நெருங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி ஒரு சந்து முனையில் அவள் என் கையைத் தொட்டாள்.

"இந்த சந்துல ஒரு சின்ன கோயில் கீதுங்க. எறங்கி பாத்துட்டு போலாமா?"

சந்தின் வாயில் இருந்த வளைவில் எழுதியிருந்ததைப் படித்தேன். "அது அந்தோணியார் கோயில்."

"எங்க நைனாக்கு எல்லாமே மாதா கோயில்தாங்க," என்றாள். மிகத் தணிந்த குரலில், நான் திருத்தப்போகிறேன் என்று எதிர்பார்த்தே சொன்னாள். "லாஞ்சு ஆளுங்கல்லாம் இங்க வருவாங்கன்னு சொல்வாரு."

"சரி, பார்த்துவிட்டு வருகிறேன்," என்று நான் மட்டும் இறங்கினேன்.

சந்தில் பாதி தூரம் நடந்தேன். கோயில் திறந்திருந்தது. வாசல் படிகள் செங்குத்தாக இருந்தன, கைப்பிடி இல்லை. படியெல்லாம் பெண்கள். உள்ளே கூட்டம் நிரம்பி வெளியே வழிந்தது. ஆர்மோனியம் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். இவளை அந்தப் படியில் ஏற்றி, அந்தக் கூட்டத்துக்குள் இடிபடாமல் நடத்தி, இல்லாத ஒரு படகைத் தேடி, மறுபடியும் இறக்கிக் கூட்டிவர வேண்டும். மாதா கோயில்கூட இல்லையே இது. அங்கேயே நின்றேன். பிறகு திரும்பி வந்து ஆட்டோவில் ஏறினேன்.

"பூட்டியிருக்கு," என்றேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

அவள், "சரிங்க," என்றாள்.

அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அது கைகொடுக்கவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை; இப்படியும் ஆகலாம் என்று முன்பே சொல்லித்தான் செய்தார்கள். கட்டைப் பிரித்த அன்று அவள் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கை காட்டினாள். அவ்வளவுதான் மிஞ்சியது. அதுவும் மழைக்காலத்துக்குள் போய்விட்டது.

அவளுடைய தூரத்து உறவில் ஒருவர் இறந்துபோனார். அடக்கப் பூசை அந்தச் சந்துக் கோயிலில். அவளால் வர முடியவில்லை. நான் மட்டும் போனேன். உட்கார இடமில்லாமல் ஒரு தூணோரம் நின்றேன். பிரசங்கம் நீண்டது. ஃபேன் என் பக்கம் வரவில்லை. அண்ணாந்து பார்த்தேன், எதையும் தேடி அல்ல, புழுக்கத்தில். அந்தோணியார் சுரூபத்துக்கு மேலே சுவரில் ஒரு மாடம். அதில் ஒரு படகு. அதன் மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கல்லறைக்குப் போனபோது நான் போகவில்லை. அங்கேயே நின்றேன். மகிழ்ச்சி வரவேண்டிய இடம் அது. எனக்கு வந்தது எரிச்சல்தான். அந்த மேஸ்திரி, அந்தக் காவலாள், எண்ணூரில் கோயிலை இடித்தவர்கள் என்று இத்தனை நாளும் மனத்துக்குள் எத்தனை பேரைத் திட்டியிருந்தேன். அவர்களில் ஒருவரும் இவளுக்கும் இந்தப் படகுக்கும் நடுவில் நிற்கவில்லை. திறந்திருந்த ஒரே கதவை நான் என் வாயால் பூட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. படகைக் கண்டேன் என்று சொன்னால், எங்கே என்பாள். அங்கே என்றால், அது பூட்டியிருந்ததே என்பாள். சொல்லாமல் இருந்துவிட எனக்கு எத்தனையோ காரணங்கள் கிடைத்தன. இனி அவளால் பார்க்க முடியாது. எதற்குச் சொல்லி நோகடிக்க வேண்டும் என்பது அவற்றில் மிகக் கண்ணியமானது. அந்தக் கண்ணியத்தைச் சில வாரங்கள் கட்டிக்கொண்டு திரிந்தேன். அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் அவள்மேல் எரிந்து விழுந்தேன். செருப்பு இடம் மாறினால் கோபம், தண்ணீர் சிந்தினால் கோபம்.

ஒரு நாள் காலை, அவள் தடவித் தடவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அந்தப் படகு இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு."

கை நின்றது. "எங்க?"

"அந்தச் சந்துல, அந்தோணியார் கோயில்ல. அடக்கத்துக்குப் போனப்ப பார்த்தேன்."

"அன்னிக்கு பூட்டிக்கீதுன்னீங்களே, அதுவா?"

"பூட்டலை. திறந்துதான் இருந்தது. நான் பொய் சொன்னேன்."

"அது தெரியும்," என்றாள்.

"எப்படி?" என்றேன்.

"செவ்வாக்கெழம சாயங்காலம் அந்தோணியார் கோயில எவன் பூட்டுவான்? ஊரே அங்கதான குந்திக்கினு இருக்கும். ஆட்டோல இருந்தே எனக்குப் பாட்டு கேட்டுச்சு. முனையில பூக்காரி கூவிக்கினு இருந்தா. பூட்டின கோயிலுக்கு யாருங்க பூ வாங்குவா?"

செவ்வாய் அந்தோணியாருக்கு உரிய நாள் என்பது எனக்கும் பால்குடி வயதிலிருந்து தெரியும். வாரம் தவறாமல் நவநாள் செபம் நடக்கும். எந்தக் கத்தோலிக்கனும் சொல்லத் துணியாத பொய்யை, படித்தவனான நான் கிழமைகூடப் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன்.

"பிறகு ஏன் அப்பவே சொல்லலை?"

"அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் கண்ணு தெரிஞ்சுதே. உங்க மூஞ்சி தெரிஞ்சுது. வெந்துபோய் இருந்துச்சு. சரி, மனுசன் பேஜாராயிட்டாரு, இன்னொரு நாளிக்கு வந்துக்கலாம்னு விட்டுட்டேன்." வெங்காயத்தை முறத்தில் போட்டாள். "இன்னொரு நாளு வரல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"படகு அங்க கீதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. என்னிய டபாய்ச்சீங்க பாருங்க, அதுக்குதான் வயிறு எரியுது. முட்டி வலிக்குது, என்னால ஆவாதுன்னு சொன்னா நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

அதன் பிறகு அவள் என்னைத் திட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படித் திட்டியதில்லை. அவளுடைய அப்பாவின் தெருவில் எப்படித் திட்டுவார்களோ அப்படி. அதில் ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை. சாப்பாடு போட்டாள், பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம், "இன்னா உசரத்துல கீது?" என்று கேட்டாள்.

அடுத்த செவ்வாய் காலைப் பூசை முடிகிற நேரத்துக்குப் போனோம். அதே ஆட்டோக்காரரை வரச்சொல்லியிருந்தேன்.

"எங்க சார்?"

"மாதா கோயில்," என்றேன்.

எந்த மாதா கோயில் என்று அவர் கேட்கவில்லை. நேராக அந்தச் சந்து முனையில் கொண்டுபோய் நிறுத்தினார். படியில் ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் நானும் பிடித்து அவளை ஏற்றினோம். ஏறிவிட்டாள். பெரிய சிரமம் ஒன்றும் இல்லை.

கோயில்பிள்ளை படகை இறக்க ஒத்துக்கொள்ளவில்லை. "காணிக்கைய எறக்கக் கூடாதுங்க ஐயா. ஃபாதர கேக்கணும்."

"ஃபாதர் எங்கே?"

"மீட்டிங்."

எனக்கு மறுபடியும் தலைக்கு ஏறியது. இந்த அம்மாவின் அப்பா செய்த படகு இது என்று சொல்லத் தொடங்கி, புயல், லாஞ்சு, குங்கிலியம் என்று விரிவுரையாக நீட்டிக்கொண்டிருந்தேன். பூசைக்கு வந்திருந்த ஒரு பருத்த பெண்மணி குறுக்கே வந்தாள்.

"யோவ், கண்ணு தெரியாத அம்மா அவங்க நைனா செஞ்சத தொட்டுப் பாக்கணும்னு கேக்குது. அந்தோணியாரே ஒண்ணும் சொல்லமாட்டாரு, நீ இன்னா? ஏணி போடுயா."

ஏணி வந்தது. படகு என் மனைவியின் மடிக்கு வந்தது.

முதலில் மூக்கைத் தொட்டாள். "கோண மூக்கு," என்று சத்தமாகச் சிரித்தாள். வீட்டில் அதை அப்படித்தான் சொல்வார்களாம். பிறகு கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தைத் தேடினாள். கட்டைவிரலால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, திரும்பவும் முதலிலிருந்து. நகத்தால் தேடினாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"பள்ளம் இல்லையே. நீங்க பாருங்க, தெரியுதா?"

பார்த்தேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அது பருத்து, அடிப்பக்கம் முழுவதும் மழமழவென்று மேடாகிவிட்டது. எந்த இடத்திலும் அவள் விரலைப் பிடித்து வைத்து, இதோ இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவள் நம்பக்கூடும். இல்லை, தெரிந்துகொண்டு மறுபடியும் "சரிங்க" என்று சொல்லக்கூடும்.

"தெரியலை," என்றேன். "பெயிண்ட் அடிச்சு அடிச்சு மூடிட்டாங்க."

"இன்னா கலரு?"

"தங்கக் கலர்."

"நீலம்?"

"இல்லை. முழுக்கத் தங்கக் கலர். அடிப்பக்கமும்."

"கலீஜ் பண்ணி வெச்சிருக்கானுங்க," என்றாள். கோயிலெல்லாம் கேட்டது. அந்தப் பருத்த பெண்மணி வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். கோயில்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நாங்கதாம்மா அடிச்சோம், திருவிழாவுக்கு. சோக்கா இருக்கட்டும்னு."

"எங்க நைனா உசுரு பொழச்சு வந்த படகுய்யா. இன்னாத்துக்கு அதுக்கு சோக்கு?" அவள் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். தங்கம் ஒரு செதில் பெயர்ந்து புடவையில் விழுந்தது. "உள்ள இன்னா கலரு, பாருங்க."

குனிந்து பார்த்தேன். "பச்சை."

"அதுக்குக் கீழ?"

அவள் நகம் தாங்கவில்லை. என் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தாள். வெட்கத்தைவிட்டு நானும் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிவதற்குள் கோயில்பிள்ளை, "ஐயா ஐயா" என்று பதறிப் படகை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். அடுத்த திருவிழாவுக்கு இன்னொரு பூச்சு அடிப்பார்கள். ஃபாதரிடம் சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"மேல வெச்சுட்டானா?" என்றாள்.

"வெச்சுட்டார்."

"நேரா கீதா?"

பார்த்தேன். "இல்லை. மூக்கு சுவரைப் பார்த்து இருக்கு."

"திருப்பச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார்.

"இப்போ?"

"இப்போ வாசலைப் பார்த்து இருக்கு."

"தொறந்து கீதா?"

"எது?"

"வாசலு," என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் உதட்டோரம் சும்மா இல்லை.

"தொறந்து கீது," என்றேன்.

"கீதாம்," என்று என் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். "விடுங்க, உங்க வாயில அது வரல."